மண்டபத்துக்குள் நின்ற கழுதை

யாராவது கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளியைத் தொட்டுக் காட்டி, "நாங்கள் இப்ப இஞ்சதான் நிக்கிறம்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் காது மடல் சுடும். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வேன். என்ன என்று கேட்பவர்களிடம் வெயில் என்று சொல்லிவிடுவேன். மன்னாரில் அந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை.

நான் ஏழாம் ஆண்டு படித்தபோது எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கப் புதிதாக ஒரு ரீச்சர் வந்தார். உயிலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தீவுக்கு வரும் பாலத்தடிக் காற்றில் மறுபக்கம் புரண்ட குடையைச் சரிசெய்தபடியேதான் வாசலுக்குள் நுழைவார். அதுவரை கணினி வகுப்பு என்றால் எங்களுக்குப் படம் கீறுவதும் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டுவதும்தான். இவரோ வருட முடிவில் கண்காட்சி நடக்கும், இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு டிஜிற்றல் செயற்றிட்டம் செய்யவேண்டும் என்றார்.

வகுப்பே எழுந்து நின்றது. ஒருவன் றோபோ செய்யப்போவதாகச் சொன்னான். இன்னொருவன் மீன் விலை சொல்லும் செயலி என்றான். ரீச்சர் எல்லோரையும் இருக்கச் சொன்னார்.

"என்ன செய்யப்போறியள் எண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. உங்களுக்கு என்ன தெரியாது எண்டு சொல்லுங்கோ. அதிலயிருந்து துவங்குவம்."

தெரியாததைச் சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை அடிதான் கிடைத்திருந்தது. ஆகையால் எல்லோரும் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டோம்.

நானும் பக்கத்துக் கதிரைச் சிநேகிதியும் கழுதையைத் தெரிவு செய்தோம். எங்கள் ஊரில் கழுதைகளுக்குப் பஞ்சமில்லை. யாருக்கும் சொந்தமில்லாமல் பஸ் நிலையத்து நிழலில் நிற்கும், கடைவாசல் மட்டைப் பெட்டிகளைத் தின்னும், வாகனம் வந்தாலும் நகராது. அவற்றில் ஒன்று, இடது காது கிழிந்த ஒன்று, எங்கள் வீட்டு மதிலடியில் படுக்கும். அதைக் காதறுந்தாள் என்று கூப்பிடுவோம்.

நாங்கள் எழுதிய முதல் கேள்வி, 'கழுதை பயனுள்ள மிருகமா?' என்பது.

"ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லிப்போட்டுப் போயிடலாம். அது கேள்வியில்லை," என்றார் ரீச்சர்.

'மன்னாரில் எத்தனை கழுதைகள் உள்ளன?' என்று எழுதிக்கொண்டு போனோம். எண்ணி முடித்ததும் கேள்வியும் முடிந்துவிடும் என்றார். 'கழுதைகள் மன்னாருக்கு எப்படி வந்தன?' என்று கேட்டோம். அதை யாரோ ஏற்கெனவே தேடி எழுதி வைத்திருப்பார்கள், நாங்கள் பார்த்து எழுதுவோம், அவ்வளவுதான் என்றார். அவரோடு எனக்குக் கோபம் வந்தது. சிநேகிதி கழுதையை விட்டுவிட்டு அன்னாசிக்குப் போவோம் என்றாள். ஏன் அன்னாசி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடைசியில் ஒரு நாள் எரிச்சலில்தான் நான் கேட்டேன். "எங்கட மதிலடியில படுக்கிறவள் விடிஞ்சாப் போயிடுறாள், பொழுதுபட வாறாள். பகல் முழுக்க எங்க போறாள், ஏன் அங்க போறாள் எண்டு ஆருக்குத் தெரியும் ரீச்சர்?"

ரீச்சர் சிரித்தார். "ஆருக்கும் தெரியாது. அதுதான் கேள்வி. இனி அதைக் கண்டுபிடிக்க என்ன கருவி வேணும் எண்டு யோசியுங்கோ."

கருவியை யோசித்தது மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் சில வருடங்கள் இருந்துவிட்டு வந்து எங்கள் வீட்டு முன்னறையில் தங்கியிருந்தார். வீதி போடும் கொம்பனி ஒன்றில் சுப்பவைசர் வேலை. காலையில் மடிப்புக் கலையாத சேட்டும் சப்பாத்துமாக மோட்டார் சைக்கிளில் போவார். மாலையில் வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கிணற்றடிக்குப் போய் வாசனைச் சவர்க்காரம் போட்டு நெடுநேரம் குளிப்பார். தார் மணம் லேசில் போகாது என்று சொல்லுவார். தன் தம்பியின் சுத்தத்தில் அம்மாவுக்குப் பெருமை.

அந்த வேலையை நம்பித்தான் கலியாணமும் பேசியிருந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற தபால் அதிபர். எங்கள் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்திலும் இருந்தார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று ஞாயிறுதோறும் அறிவிக்கும் ஓலையை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஞாயிறு பூசையில் மாமாவின் பெயரைப் பங்குச் சுவாமி வாசித்தபோது மாமா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கப்படுகிறார் என்று நான் அம்மாவின் இடுப்பில் இடித்துச் சிரித்தேன்.

வீட்டில் நான் சொல்வதை முழுவதும் கேட்பவர் மாமா ஒருவர்தான். கழுதைக் கதையையும் அப்படித்தான் கேட்டார். பிறகு அலுமாரியிலிருந்து தன் பழைய கைப்பேசியை எடுத்து, அதற்கு ஒரு சிம் வாங்கிப் போட்டு, அது போன இடமெல்லாம் வரைபடத்தில் பதியும்படி செய்தார். அதைப் பழைய சைக்கிள் ரியூப்பில் சுற்றி ஒரு பழைய இடுப்புப் பட்டியில் தைத்தார். கட்டுவதற்குத்தான் பெரும்பாடு பட்டோம். மாமா பாண் துண்டுகளைத் தின்னக் கொடுத்துக் கழுதையை மயக்கினார். பாண் முடிந்ததும் அது அவருடைய முழங்காலில் ஓர் உதை விட்டது. அப்பா மதிலில் ஏறியிருந்து விழுந்து விழுந்து சிரித்தார். நொண்டியபடியே மாமா பட்டியைக் கொழுவிவிட்டார்.

ஒவ்வொரு மாலையும் நான் அதைக் கழற்றிச் சார்ஜ் போட்டுக் காலையில் கழுதையில் திரும்பக் கட்டிவிட மாமாவிடம் கொடுப்பேன். பள்ளி முடிந்ததும் கணினி அறையில் மாமாவின் கணக்கைத் திறந்து கழுதை போன வழியைப் பார்ப்போம். முதல் நாள் அது பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் நடுவில் சுற்றியது. பெரிதாக ஒன்றுமில்லை.

மறுநாளிலிருந்துதான் அதிசயம் தொடங்கியது. காலையில் எங்கள் வீட்டடியிலிருந்து கோடு புறப்பட்டது. எங்கும் நிற்காமல் பெரிய வீதியால் போய், தாழ்வுபாடு கிராமத்துப் பக்கம் திரும்பி, கடற்கரையோரம் ஒரு நீலத் தகரக் கூரையடியில் நின்றது. பகல் முழுவதும் அங்கேயே நின்றது. மாலையில் அதே வழியால் வீடு திரும்பியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே, அலுவலகத்துக்குப் போய்வருவதுபோல.

"உங்கட கழுதைக்குக் கந்தோரில வேலை கிடைச்சிட்டுதடி," என்றாள் சிநேகிதி.

கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் படம் இருந்தது. வரைபடம் செய்த வெள்ளைக்காரருக்குக் கழுதையைத் தெரியாது, ஆகையால் தெரிந்த படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று நான் விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோடு கோயிலுக்குப் போய் ஒரு பூசை நேரம் நின்றுவிட்டு வந்தது. சிநேகிதி முஸ்லிம் பிள்ளை. "உங்கட கழுதையளும் பூசை காணுமோ?" என்று உண்மையாகவே கேட்டாள். கோயில் வளவில் நிழல் இருக்கிறது என்று அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அப்படிப் பதில்கள் சுரக்கும்போது சந்தேகப்படவேண்டும் என்று ரீச்சர் இன்னும் படிப்பித்திருக்கவில்லை.

நீலக் கூரை என்ன என்று அப்பாவிடம் கேட்டேன். நண்டு வாடி, பிடித்து வரும் நண்டை அவித்துக் கொழும்புக்கு அனுப்புகிற இடம் என்றார். நண்டு கழுவுகிற தண்ணீர் அங்கே ஓடும். வறட்சிக் காலத்தில் கழுதை தண்ணீருக்குப் போகிறது. எல்லாம் பொருந்திவிட்டது. "ஒருக்கா நேர போய்ப் பார்த்திட்டு வாங்கோ," என்று ரீச்சர் சொல்லித்தான் இருந்தார். அப்பா சனிக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றார். சனிக்கிழமை வந்தது, போனது. நாங்கள் மட்டையில் வண்ணக்கோடுகள் கீறிக்கொண்டிருந்தோம்.

கண்காட்சிக்கு முதல் நாள் மாலை, மாமா கிணற்றடியிலிருந்து துவாயோடு வந்தபோது மட்டையை முன்னறை நிலத்தில் விரித்துக் காட்டினேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு நிறம். எல்லா நிறங்களும் வீட்டிலிருந்து கிளம்பி, நீலக் கூரையில் போய்க் குவிந்து, திரும்பி வந்தன. மேலே பெரிய எழுத்தில் எங்கள் கேள்வி: 'இந்தக் கழுதை ஏன் ஒவ்வொரு நாளும் நண்டு வாடிக்குப் போகிறது?'

மாமா குந்தியிருந்து பார்த்தார். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் மட்டையில் விழுந்தது. நான் சத்தம் போட்டேன். அவர் துவாயால் ஒற்றிவிட்டார்.

"ரீச்சர் இதைப் பார்த்தவவோ?"

"ஓம். நல்ல கேள்வியாம்."

"நல்ல கேள்விதான்," என்றார் மாமா. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பி, "நாளைக்கு எனக்கு வேலையிருக்குப் பிள்ளை. நான் வரேல்லை," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருடைய கைப்பேசி, அவருடைய பட்டி, அவர் வாங்கிய உதை. நன்றி சொல்லும்போது அவரை எழுப்பிக் காட்டவேண்டும் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நீங்கள் வராவிட்டால் நானும் போகமாட்டேன் என்று மட்டையைச் சுருட்டத் தொடங்கினேன். அம்மா குசினியிலிருந்து, "ஒரு நாள் லீவு போட்டாத்தான் என்ன, பிள்ளை இவ்வளவு ஆசைப்படுகுது," என்றார். மாமா சுருட்டிய மட்டையை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப விரித்து, நான்கு மூலையிலும் செம்பும் புத்தகமும் வைத்து நிமிர்த்தினார்.

"வாறன்," என்றார்.

மண்டபத்தில் கல்விக் கந்தோர் அதிகாரி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி அதிபர், அதற்குப் பக்கத்தில் தபால் அதிபர். மாமா கடைசியில் கதவடியில் நின்றார். அம்மா இடம் பிடித்து வைத்தும் வந்து இருக்கவில்லை.

எங்கள் முறை வந்தது. சிநேகிதி மட்டையைப் பிடித்தாள். நான் ஒலிவாங்கியில் பேசினேன். கழுதை வேலைக்குப் போவது போலப் போய்வருகிறது என்று சொன்னபோது சபை சிரித்தது. அது நல்ல சிரிப்பு. கோயிலுக்குப் போன கதைக்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதிகாரிக்கு மிகவும் பிடித்துவிட்டது.

"சரி மகள், இப்ப இந்த நேரம் கழுதை எங்க நிக்குது எண்டு காட்டலாமோ?"

ரீச்சர் கணினியில் தட்டினார். திரையில் வரைபடம் விரிந்தது. நீலப் புள்ளி துடித்தது. நண்டு வாடியில் அல்ல, பட்டினத்துக்குள். ரீச்சர் பெரிதாக்கினார். எங்கள் பள்ளிக்கூட மைதானம் தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினார்.

"கழுதை மண்டபத்துக்குள்ள நிக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு பெடியன் கத்தினான்.

சபை வெடித்தது. சிலர் தாங்கள் இருந்த வாங்குப் பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தார்கள். சிநேகிதி மட்டையைக் கதிரையில் சாத்திவிட்டு வாசலுக்கு ஓடி, "வெளியிலயும் இல்லை!" என்று அங்கிருந்தே அறிவித்தாள். ரீச்சரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, கதவடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவசரமாகக் கணினியை மூட வந்தார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். பழைய கைப்பேசியில் டேட்டா முடிந்திருக்கிறது. கணக்கு ஒன்றே என்பதால் வரைபடம் மாமாவின் புதுக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. பிழை என்னுடையதல்ல, மாமாவுடையது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் போதும். ஒலிவாங்கியை வாயோடு வைத்துக்கொண்டு சொன்னேன்.

"இது மாமாவின்ர கணக்கு. மாமாவின்ர மற்றப் போனைத்தான் காட்டுது. மாமா! உங்கட போனை ஒருக்கா நிப்பாட்டுங்கோ, பாப்பம்!"

எல்லாத் தலைகளும் திரும்பின. மாமா சேட்டுப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் திரையில் புள்ளி சாம்பல் நிறமானது.

"பார்த்தீங்களே?" என்றேன் நான் வெற்றியோடு.

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. தபால் அதிபர் திரையைப் பார்க்கவில்லை. கதிரையில் சாத்தியிருந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலாசம் வாசிப்பவரைப் போல ஒவ்வொரு கோடாக, காலை, நீலக் கூரை, மாலை என்று பார்த்தார். பிறகு திரும்பினார்.

"தம்பி, நீர் நண்டு வாடியிலயோ வேலை?"

ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லிவிட்டுப் போகக்கூடிய கேள்வி. நாங்கள் எழுதிக் கொண்டுபோயிருந்தால் ரீச்சர் வெட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

"ஓம்," என்றார் மாமா.

தபால் அதிபர் தலையாட்டிவிட்டு முன்பக்கம் திரும்பி இருந்தார். மீதிப் பிள்ளைகளின் செயற்றிட்டங்கள் எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்து ஒவ்வொன்றுக்கும் கைதட்டிவிட்டுத்தான் போனார்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு வந்தார். நான் உள்ளறையில் படுத்திருந்து அழுதுகொண்டிருந்தேன். என் செயற்றிட்டத்தைப் பற்றி யாராவது ஏதாவது சொல்கிறார்களா என்று இடையிடையே அழுகையை நிறுத்திக் காது கொடுத்தேன். யாரும் சொல்லவில்லை.

"நண்டு அவிக்கிறது குறையெண்டு நான் சொல்லேல்லை," தபால் அதிபரின் குரல் உயரவே இல்லை. "என்ர அப்புவும் கடலுக்குப் போய்த்தான் என்னைப் படிப்பிச்சவர். ஆனா நீர் எங்கட வீட்டு விறாந்தையில இருந்து, இண்டைக்கு எந்த றோட்டு, எவ்வளவு தார் எண்டெல்லாம் சொன்னனீர். என்ர மகள் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தவள். அதுதான் எனக்கு விளங்கேல்லை."

"கொன்றாக்ற் முடிஞ்சு எங்களை நிப்பாட்டிப்போட்டாங்கள் ஐயா," என்றார் மாமா. "கலியாணம் பேசி வந்த நேரம். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்திட்டன்."

அம்மா தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும் சத்தம் கேட்டது. கோப்பை எடுக்கப்படும் சத்தம் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தபோது மாமாவின் பெயர் இல்லை. அம்மா முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டு, நற்கருணை வாங்கக்கூட எழும்பாமல் இருந்தார். கோயில் முழுவதும் எங்களைப் பார்ப்பதுபோல் இருந்தது. என் கழுதைக் கதையால் அம்மாவுக்கு வந்த வெட்கம் என்று நினைத்து நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். நான் வகுப்புக்குள் நுழைந்தால் பெடியன்கள் கதவடியைப் பார்த்துக் கழுதைபோல் கத்தினார்கள். மாமா சுகமோ, பாரம் சுமக்கிறாரோ என்று கேட்டார்கள். மாவட்டப் போட்டிக்கு மீன் விலை சொல்லும் செயலி தெரிவானது. ரீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கட கேள்வி பிழையில்லை. நான்தான் உங்களை நேர கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கோணும்," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. தோற்ற பிள்ளைக்கு எல்லா ரீச்சரும் சொல்கிற ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கோபம் முழுவதையும் மாமாவின் மேல் வைத்தேன். அவர் சாப்பிட வந்தால் நான் சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்துவிடுவேன். அவர் இப்போது சேட்டுக்கு மடிப்புப் போட்டு மினுக்குவதில்லை. பழைய சாரம் ஒன்றை உடுத்துக்கொண்டு வாடிக்குப் போனார், குளிக்காமலே வீட்டுக்குள் வந்தார். நண்டு மணக்கிறது என்று நான் மூக்கைப் பொத்தினேன். அம்மா என் கையில் அடித்தார். அதற்கும் மாமாதான் காரணம் என்று சேர்த்து வைத்துக்கொண்டேன்.

சில மாதங்களில் மாமா மறுபடியும் கட்டாருக்குப் போக ஒழுங்கு செய்துவிட்டார். அவரைக் கொழும்பு பஸ் ஏற்ற அப்பா போனபோது அம்மா என்னையும் வலுக்கட்டாயமாக மோட்டார் சைக்கிளில் ஏற்றிவிட்டார். பஸ் நிலையத்தில் அப்பா தண்ணீர் போத்தல் வாங்கப் போய்விட, நானும் மாமாவும் மட்டும் நின்றோம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை, என்னால உங்கட செயற்றிட்டம் பிழைச்சுப்போச்சு. மனசில வைச்சிருக்காதேங்கோ," என்றார் மாமா.

அவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருந்ததை நான் அப்போது சொன்னேன்.

"கண்காட்சிக்கு முதல் நாள் நான் மட்டையைக் காட்டேக்கையே உங்களுக்குத் தெரியுந்தானே, அது உங்கட போன் எண்டு? வரமுந்தி நிப்பாட்டிப்போட்டு வந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. நான் வெண்டிருப்பன்."

மாமா என் பக்கம் திரும்பினார். கொண்டக்டர் பொதிகளைத் தூக்கி உள்ளே எறிந்துகொண்டிருந்தான்.

"ஓம் பிள்ளை," என்றார். "நிப்பாட்டியிருக்கலாம். வீட்டில வைச்சே கையில எடுத்தனான். பிறகு நிப்பாட்டாமல் அப்பிடியே பைக்குள்ள வைச்சுக்கொண்டு வந்திட்டன்."

அப்பா போத்தலோடு வந்தார். மாமா என் தலையைத் தொட்டுவிட்டு ஏறினார். பஸ் பாலத்துப் பக்கம் திரும்பியது. மாமா கடைசியில் தன் பிழையைத் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டுவிட்டார் என்ற திருப்தியோடு நான் மோட்டார் சைக்கிளில் ஏறி, அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.